ஒரு லட்சத்தைத் தாண்டிய கார்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்றால் முகம் மலர்கிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார். அந்த எண்ணுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு அளவுக்கு மீறியது என்பதே என் வாதம். ஒரே விலையில் இரண்டு கார்கள் கிடைக்கின்றன. ஒன்று வயது குறைந்தது, ஆனால் நிறைய ஓடியது. மற்றது வயது கூடியது, ஆனால் குறைவாக ஓடியது. பராமரிப்புக்குச் சரியான பில்கள் இருந்தால், நிறைய ஓடியதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 2020-இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதன் உரிமையாளர் மாதம் இரண்டு மூன்று முறை திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய்வருகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் வாங்கிய இன்னொரு கார் சென்னை நகருக்குள்ளேயே 50,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் என்றால், முதல் காரின் எஞ்சின் இயங்கிய நேரம் 2,000 மணி. சிக்னலும் நெரிசலுமான நகரத்தில் சராசரி 20 என்றால், இரண்டாவது காரின் எஞ்சின் இயங்கியது 2,500 மணி. மீட்டரில் பாதிக்கும் குறைவாகக் காட்டுகிற வண்டிதான் அதிக நேரம் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் தன்மையும் வேறு. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே சம்ப்பில் இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறிப் பரவும் வரையிலும், எஞ்சின் சூடேறும் வரையிலும் தேய்மானம் அதிகம். 300 கிலோமீட்டர் பயணத்துக்கு அப்படி ஒரு தொடக்கம் போதும். அதே 300 கிலோமீட்டரைப் பள்ளிக்கூடம், காய்கறிக்கடை, கோயில் என்று ஐந்தைந்து கிலோமீட்டராக ஓட்டினால் அறுபது முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவதால், ஆயிலில் சேர்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. ஆயில் சீக்கிரம் கெடுகிறது. கிளட்ச்சும் பிரேக்கும் தேய்வதும் நெரிசலில்தான். டாப் கியரில் ஒரே சீராகப் போகிற வண்டியில் அவற்றுக்கு வேலையே குறைவு.

ஓடாமல் நிற்கிற வண்டிக்கு வயதாகாது என்ற நினைப்பும் தவறு. ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. வெயிலும் காலமும் போதும். ரேடியேட்டர் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், கதவு பீடிங், டயர் எல்லாம் நின்ற இடத்திலேயே இறுகி வெடிக்கும். இதில் ஆபத்தானது டைமிங் பெல்ட். மாருதி ஸ்விஃப்ட், டிசையர் டீசல்களில் இருப்பது செயின். ரெனோ டஸ்ட்டரின் 1.5 லிட்டர் டீசலில் இருப்பது பெல்ட். பெல்ட்டை இத்தனை கிலோமீட்டரில் அல்லது இத்தனை வருடத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றவேண்டும் என்பது கம்பெனி விதி. அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே போய்விடும். நிறைய ஓடிய வண்டியில் அதை மாற்றியதற்கு பில் இருக்க வாய்ப்பு உண்டு. பத்து வருடத்தில் நாற்பதாயிரம் ஓடிய வண்டியிலோ, “ஓடவே இல்லையே, எதற்கு மாற்றணும்?” என்று பழைய பெல்ட்டையே விட்டுவைத்திருப்பார்கள். ஆயில் மாற்றுவதிலும் இதே கதைதான். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்பது கெடு. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் கிலோமீட்டர் ஏறுவதைப் பார்த்து சர்வீசுக்கு விடுகிறார்; எப்போதாவது ஓட்டுகிறவர் வருடக் கணக்கை மறந்துவிடுகிறார்.

என் வாதத்துக்கு இவற்றையெல்லாம்விட வலுவான ஆதாரம் உயிர்ப் பாதுகாப்பு. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2022 தொடக்கத்திலிருந்து முன்னால் உட்காருகிற இன்னொருவருக்கும் கட்டாயம். 2014-இல் விற்ற சின்னக் கார்களின் அடிப்படை மாடல்கள் பலவற்றில் இவை எதுவும் கிடையாது. குறைவாக ஓடியது என்பதற்காக அந்தக் காரைத் தேர்ந்தெடுக்கிறவர், ஏர்பேக்கை விட்டுக்கொடுத்து மீட்டர் எண்ணை வாங்குகிறார். நெடுஞ்சாலை விபத்துகள் இத்தனை நடக்கிற மாநிலத்தில் அந்த வியாபாரத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆர்.சி. கணக்கும் இருக்கிறது. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. 2014 வண்டிக்கு 2029-இலேயே எஃப்.சி. எடுத்து, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய். 2020 வண்டிக்கு அந்தக் கவலை 2035-இல்தான்.

“என்ன சொன்னாலும், நிறைய ஓடிய வண்டி செலவு வைக்குமே” என்று கேட்பீர்கள். வைக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், கிளட்ச் செட், வீல் பேரிங் ஆகியவை ஒவ்வொன்றாக முறை வைத்து வரும். ஆனால் இவை எல்லாம் எஞ்சினைப் பிரிக்காமலே மாற்றக்கூடியவை. விலையும் முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. அந்தத் தொகையை வண்டி விலையில் பேசிக் குறைத்து, அப்படியே தனியாக எடுத்துவைக்க வேண்டும். பயப்பட வேண்டியது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான். அதைப் பார்க்க வழி இருக்கிறது. “நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் எதையோ மறைப்பதற்காக ஓட்டி வைத்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் பால் கலந்த டீ நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அது ஹெட் கேஸ்கெட் போனதாலும் இருக்கலாம், சின்னச் சின்ன ஓட்டங்களாலும் இருக்கலாம் என்பதால் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டிவிட்டே முடிவு செய்யுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொரு கேள்வி: மீட்டர் எண்ணே பொய்யாக இருந்தால்? நியாயமான சந்தேகம். ஆனால் அது யாருக்கு எதிரானது என்று யோசியுங்கள். 1,20,000 என்று காட்டுவதற்காக யாரும் மீட்டரைத் திருத்துவதில்லை. 60,000 என்று காட்டத்தான் திருத்துகிறார்கள். டிஜிட்டல் மீட்டரையும் லேப்டாப் வைத்து இறக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே குறைவான எண்ணைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கியிருக்கின்றனவா, ஸ்டியரிங் வழுவழுப்பாகிவிட்டதா, ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரத்தில் தயாரானது. 25,000-தான் ஓடியது என்கிற, ஐந்து வருடம்கூட ஆகாத வண்டியில் நான்கு டயரும் புதிதாக மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை விட்டபோதும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்ற பதிவு இருக்கும். உரிமையாளரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வண்டி வேண்டாம். இந்த ஏமாற்று வேலை நடப்பதற்கு நம் பயமும் ஒரு காரணம். உள்ளபடி ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று சொல்கிறவரின் வண்டியை ஒதுக்கிவிட்டு, குறைத்துச் சொல்கிறவருக்குக் கூடுதல் விலை கொடுத்தால், சந்தையில் எது பெருகும்?

எல்லா லட்சமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். டி போர்டில் கால் டாக்சியாக ஓடி, பிறகு ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியின் லட்சம், பல கை மாறி நகர நெரிசலில் சேர்ந்த லட்சம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளத்தில் மூழ்கிய கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் கொஞ்சமல்ல. 2023-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் அதே நிலைதான். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட்டுக்குக் கீழே அது நகரும் தடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, மறுபடி விற்கும்போது விலை போகாதே என்ற ஆட்சேபம். இது உண்மை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிற பழக்கம் உள்ளவருக்கு நான் சொல்கிற வண்டி ஒத்துவராது. ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப்போகிற குடும்பத்துக்கு அந்தக் கவலை சிறியது. விலை இறக்கத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளரே சுமந்து முடித்துவிட்டார். மீதி இறங்குவதற்கு அதிகமில்லை. வாங்கிய வாரத்திலேயே ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அன்றைய மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த சர்வீஸ் எப்போது என்பதை அந்த எண்ணிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.