மாறும் உலகும் மாளா வித்தும்

(ஊர்ப்புற இலக்கிய மன்றமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இக்காலத்தில் ஒரு பேச்சு எங்கும் அடிபடுகின்றது. ‘காடு அழிந்தால் என்ன? உயிரினம் ஒன்று மறைந்தால்தான் என்ன? இயற்கை தொன்றுதொட்டு மாறிக்கொண்டுதானே வருகின்றது?’ என்று கற்றோரே வினவுகின்றனர். அவ்வினாவில் பாதி உண்மை, பாதி பெரும்பிழை. உண்மைப் பாதியை முதலிற் காண்போம்.

நிலம் மாறும் என்பது தமிழர்க்குப் புதிதன்று. வேனில் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு இழந்து பாலையாகும் என்பதை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சுட்டினார். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பிய மரபியல் வகுத்தது. ஆயினும், ஓர் உயிரினம் மற்றொன்றிலிருந்து கிளைத்த வரலாற்றையும் தொல்காப்பியர் சொல்லிவிட்டார் என்று பறைசாற்றுவது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. அவர் உற்றுநோக்கினார், வகுத்தார். அதுவே போதிய பெருமை. நாமும் உற்றுநோக்குவோம்.

மணிமேகலை சாவகம் என்று குறிக்கும் நாட்டிற்கும் சுமத்திராவிற்கும் இடைப்பட்ட கடலில் கிராக்கத்தோவா என்னும் எரிமலைத் தீவு உண்டு. 1883ஆம் ஆண்டு ஆகசுட்டு 27ஆம் நாள் அது வெடித்துச் சிதறியது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலுள் ஆழ்ந்தது. வெடிப்பாலும் அதனால் எழுந்த ஆழிப்பேரலையாலும் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சிய நிலத்தை வெந்த சாம்பல் மூடியது.

ஒன்பது திங்கள் கழித்து, 1884 மே திங்களில், அங்குச் சென்ற குழுவினர் கண்ட ஒரே உயிர் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. 1886இல் திரெயுபு என்னும் ஒல்லாந்து நிலைத்திணை அறிஞர் சென்றபோது, சாம்பலின்மேல் நீலப்பசும்பாசி மெல்லிய படலமாய்ப் படர்ந்திருந்தது, பெரணிகள் தழைத்திருந்தன. அவற்றின் நுண்வித்துகள் காற்றிலேறி வந்தவை. நம் நெய்தல் நிலத்துக்குரிய அடும்பு போன்ற கொடிகள் கடலலையில் மிதந்து வந்து கரையில் வேரூன்றின. அடுத்து ஆளுயர நாணல் உள்நிலத்தை மூடிற்று. பழந்தின்னும் பறவைகளும் வௌவால்களும் அத்தியினங்களின் வித்தைத் தம் எச்சத்தோடு இட்டன. மரம் ஓங்கியது, நிழல் விழுந்தது, நிழலில் புல் மடிந்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகளில் புல்வெளி காடாயிற்று.

அத்தீவில் தங்கி வாழ்ந்த நிலப்பறவைகள் 1908இல் 13 வகை. 1919–21இல் 27 வகை. 1932–34இலும் 27 வகையே. எண் மாறாமையால் ஒன்றும் நிகழவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவ்விடைக்காலத்தில் 5 வகை மறைந்தன; 5 வகை புதியனவாய் வந்தன. வீடு மாறியது, குடிகளும் மாறினர்.

இடம் மாறுவது இவ்வாறு. உயிரினமே மாறுவது எவ்வாறு? தென்னமெரிக்காவிற்கு மேற்கே, தார்வின் 1835இல் கண்ட கலாப்பகோசுத் தீவுக் கூட்டத்திலே, தாப்னே என்னும் சிறு தீவில் பீட்டர் கிராண்டு, உரோசுமேரி கிராண்டு என்னும் கணவன் மனைவியர் 1973இல் தொடங்கி 40 ஆண்டுகள் குருவிகளை ஆராய்ந்தனர். குருவி ஒவ்வொன்றன் அலகையும் அளந்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன; முள்ளுறை கொண்ட நெருஞ்சியினத்தின் வன்விதைகளே மிஞ்சின. பருத்த அலகுடைய குருவிகள் அவற்றை உடைத்துண்டு பிழைத்தன. சிற்றலகுடையவை பெரிதும் மடிந்தன. நூற்றுக்கு 85 அளவில் குருவிகள் செத்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கு அலகு சராசரியாக நூற்றுக்கு 4 பங்கு பருத்திருந்தது. 1983இல் பெருமழை பொழிந்து சிறு விதைகள் மலிந்தன; அடுத்த ஆண்டுகளில் சிற்றலகே வென்றது.

எந்தக் குருவியும் முயன்று தன் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. கூட்டத்தினுள் முன்பே பலவகை அலகுகள் இருந்தன. காலம் அவற்றுள் தெரிந்தெடுத்தது. அனைத்தும் ஒரே அளவு சிற்றலகாய் இருந்திருப்பின், 1977ஆம் ஆண்டோடு அக்குருவியினம் அத்தீவிலே முடிந்திருக்கும்.

இனிப் பிழைப் பாதிக்கு வருவோம். கிராக்கத்தோவா மீண்டும் தழைத்தது எதனால்? ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் சாவகக் காடும் சுமத்திராக் காடும் அழியாமல் நின்றமையால்! வித்து வருதற்கு ஓர் இடம் இருந்தது. அது வேர்கொள்ளக் காலமும் இருந்தது. குருவியினம் தப்பியது அதனுள் வேறுபாடு இருந்தமையால். வித்து, வேறுபாடு, காலம் ஆகிய இம்மூன்றுமே இயற்கை மாற்றத்தின் முதல்கள். இம்மூன்றையும் ஒருங்கே பறித்துவிட்டு, ‘இயற்கை தானே மாறிக்கொள்ளும்’ என்பது, விதைநெல்லைப் பொங்கித் தின்றுவிட்டு ‘நிலம் விளையும்’ என்பது போலாகும்.

நம் நீலமலையையே பாருங்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகம் குளிர்ந்து வறண்ட காலத்தில், அங்குப் புல் ஓங்கியிருந்தது. பின்னர் மழை மிகுந்தபோது சோலை பரவியது. அங்குள்ள சதுப்புப் படிவுகளை ஆய்ந்தோர் கண்ட செய்தி இது. சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று நெருக்கியும் விலகியும் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தன. எதுவும் முற்றிலும் அழியவில்லை. வெள்ளையர் காலந்தொட்டு, ஆத்திரேலிய நாட்டுச் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் அப்புல்வெளிகளில் நட்டனர், தேயிலையும் பரப்பினர். இரு நூற்றாண்டு நிறைவதற்குள் புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தது. அப்புல்லை நம்பிய வரையாடு எங்கே போகும்? வெற்றுப்புல்லென்று எண்ணி அங்கு மரம் நட்டவர்கள், அப்புல்லே ஒரு தனி உலகம் என்பதை அறியவில்லை.

ஆகவே, ‘இயற்கை மாறுவதுதானே’ என்று யாரேனும் சொன்னால், ‘ஆம், மாறும், அதற்குரிய வித்தை விட்டுவைத்திருக்கின்றீரா?’ என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் ஊர்க் கோயிற்காடு, ஏரிக்கரை, மேய்ச்சற்புறம் ஆகியவற்றில் என்னென்ன செடி கொடிகள் உள என்று மாணவர்களோடு சென்று, அவற்றின் தமிழ்ப்பெயரோடு எழுதிவையுங்கள். பெயரறியாத ஒன்றை யாரும் காக்கமாட்டார். எஞ்சி நிற்கும் அச்சிறு காடுகளே நாளை வித்துத் தரும் சாவகக் கரைகள் ஆகலாம்.