பொன்னும் நாணயமும்

(ஈப்போவில் நடைபெற்ற அறநிதியின் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் அன்பர் ஒருவர் என்னிடம், "ஐயா, ரிங்கிட் இறங்கினாலே பயமாக இருக்கிறது. அரசாங்கம் பொற்காசு புழக்கத்தில் விட்டால் பணத்தின்மேல் நம்பிக்கை வராதா? நம் நிதியையும் பொன்னாக மாற்றிவிடலாமே!" என்றார். அவருக்கான பதிலை உங்கள் அனைவர் முன்னும் சொல்கிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். என் பாட்டியின் தகரப்பெட்டியில் ஜப்பான்காரன் காலத்து நோட்டுக்கட்டு ஒன்று இருந்தது. வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டுகள். 1942 முதல் 1945 வரை கணக்கில்லாமல் அச்சடித்தார்கள். பிறகு வரிசை எண்கூடப் போடவில்லை. ஆங்கிலேயர் திரும்பியதும் அவை வெறுங்காகிதமாயின. பாட்டி காதுத்தோட்டை அடகு வைத்து அரிசி வாங்கினார். பொன் பாட்டியைக் காத்தது. அந்த நோட்டைக் காக்கவில்லை. இதுதான் விஷயம்.

2001-இல் நம் நாட்டில் கிஜாங் எமாஸ் பொற்காசு வந்தது. வாங்கியவர்கள் பெட்டியில் பூட்டினார்கள். 2010 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலம் 4.25 கிராம் பொன் தீனாரை வெளியிட்டது. சட்டப்படி செல்லும் பணம் ரிங்கிட் ஒன்றே என்றது மத்திய அரசு. கையில் ரிங்கிட்டும் பவுனும் இருந்தால் கடைக்காரரிடம் எதை நீட்டுவோம்? காகிதத்தைத்தானே!

ஜிம்பாப்வே நாடு 2022 ஜூலையில் ஒரு அவுன்ஸ் பொற்காசுகளை விற்றது. ஆனாலும் அதன் டாலர் சரிந்துகொண்டே போனது. 2024 ஏப்ரலில் பொன்னை ஆதாரமாகக் காட்டிப் புதுப்பணம் விட்டார்கள். அதே செப்டம்பரில் அதன் மதிப்பையும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைக்க நேர்ந்தது.

நம் ரிங்கிட்டைப் பாருங்கள். 1997 நடுவில் அமெரிக்க டாலருக்குச் சுமார் 2.50 ஆக இருந்தது, 1998 ஜனவரியில் 4.88 வரை வீழ்ந்தது. செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று நிர்ணயித்து, பணம் வெளியேறுவதற்குக் கட்டுப்பாடும் விதித்தது. 2005 ஜூலை வரை அந்த விலை நின்றது. அதைத் தாங்கியது பொற்காசு அல்ல. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதே.

தமிழில் 'நாணயம்' என்றால் காசு, நேர்மையும் அதுவே. ஓர் ஆண்டு நம் வரவு செலவுக் கணக்கு எட்டு மாதம் தாமதமானது. தவறு என்னுடையது. அவ்வாண்டு நன்கொடை குறைந்தது. ரிங்கிட் இறங்கியதால் அல்ல, என் சொல் இறங்கியதால்.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு இரண்டு பவுன் சேர்த்து வையுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளின் கல்விக்கென நீங்கள் தந்த நிதியோ, விலை ஏறி இறங்கும் பொன்னாகப் பூட்டி வைப்பதற்கல்ல. கணக்கு இம்மலரிலேயே அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு வரியையும் படியுங்கள், கேள்வி கேளுங்கள். பதில் சொல்வது என் கடமை.