பற்றீரியாக்கள்: நண்பரும் பகைவரும்



நேற்றுவரை செழித்து நின்ற கத்தரிச் செடி, இன்று நண்பகலில் பச்சை இலையுடனேயே வாடித் தொங்குவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நீர் பாய்ச்சினாலும் அது நிமிராது. அதே தோட்டத்தின் மறு மூலையில் பயற்றஞ்செடி யூரியா இடாமலே கரும்பச்சையாக வளர்கின்றது. இவ்விரண்டும் பற்றீரியா எனப்படும் நுண்ணுயிர்களின் செயலே.

பற்றீரியா ஒரேயொரு கலத்தாலான உயிர். பெரும்பாலானவற்றின் நீளம் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு முதல் அதன் சில மடங்கு வரையே. இவை இரண்டாகப் பிளந்து பெருகும். ஈரமும் வெப்பமும் உணவும் வாய்த்தால் சில இனங்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை பிளக்கும். தடையின்றிப் பெருகினால், ஒன்றாயிருந்தது 8 மணித்தியாலத்தில் 1 கோடி 67 இலட்சத்தைத் தாண்டும். நோய் திடீரெனத் தோன்றுவது இதனாலேயே.

முதலில் நண்பர்களைப் பார்ப்போம். வளியில் ஏறக்குறைய 78 வீதம் நைதரசன் உண்டு. எனினும் பயிர் அதனை நேரே உட்கொள்ள இயலாது. பயறு, உழுந்து, கௌபீ, சணல் ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் இறைசோபியம் என்னும் பற்றீரியா அதனைப் பயிருணவாக்கிக் கொடுத்து, கூலியாகச் செடியிடமிருந்து வெல்லத்தைப் பெறுகின்றது. முடிச்சொன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயின் அது நன்கு வேலை செய்கின்றது. முடிச்சு எளிதிற் கழன்று வரும். கழலாமல் வேரே வீங்கியிருந்தால் அது வட்டப்புழுவின் கேடாகும். சணலைப் பூக்கும் பருவத்தில் உழுது புதைத்தால், அந்நைதரசன் அடுத்த நெற்பயிருக்குச் சேரும். வைக்கோலையும் சாணத்தையும் உக்கச் செய்து எருவாக்குவோரும் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களுமே. ஆகவே வைக்கோலை எரிக்காதீர்கள்.

இனிப் பகைவர். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் வாடல் நோயை உண்டாக்கும் பற்றீரியா, வேர்க்காயங்களினூடாகப் புகுந்து, செடியில் நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடும். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அது இந்நோயே. தொற்றிய செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதனை வேருடன் அகற்றி எரித்துவிடுங்கள், எருக்குழியில் இடாதீர்கள். அவ்விடத்து நீரை மற்றைப் பாத்திகளுக்குப் பாயவிடாதீர்கள். மண்வெட்டியைக் கழுவுங்கள். அடுத்த போகங்களில் அந்நிலத்தில் நெல்லோ சோளமோ பயிரிடுங்கள்.

நெல்லின் இலை வெளிறல் நோயும் பற்றீரியாவால் வருவதே. இலையின் நுனியிலிருந்து ஓரங்கள் வழியே அலையலையாக மஞ்சளித்துக் காயும். யூரியாவை மிகையாக இட்ட வயலில் இது விரைந்து பரவும். சிபார்சு செய்த அளவையே பகுதி பகுதியாக இடுங்கள். நடுகையின்போது நாற்றின் நுனியை வெட்டாதீர்கள். அவ்வெட்டு நோய்க்கு வாசலாகும்.

பற்றீரியாக்களை மண்ணிலிருந்து விரட்ட இயலாது; விரட்டவும் கூடாது. நண்பருக்கு உக்கும் உணவைக் கொடுங்கள். பகைவருக்கு வழியை அடையுங்கள். ஐயம் எழுந்தால் தாமதியாது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.