மண்ணுக்குள் மறைந்திருந்த காடு

 

 

இன்றைய உரையில் மேற்கு ஆபிரிக்காவிலுள்ள நைஜர் என்னும் நாட்டின் மரங்களைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். பலர் அதனை நைஜீரியாவுடன் குழப்பிக் கொள்வதுண்டு. நைஜீரியா அதற்குத் தெற்கேயுள்ள வேறொரு நாடாகும். நைஜரின் பரப்பளவு ஏறத்தாழ 12 இலட்சத்து 67 ஆயிரம் சதுர கிலோமீற்றர். அதாவது, நமது இலங்கையைப் போன்று பத்தொன்பது மடங்கு. ஆயினும் அதன் பெரும் பகுதி ஸஹாரா பாலைவனமேயாகும். மக்களில் 98 வீதத்துக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். தெற்கே, நைஜீரிய எல்லையை ஒட்டிய ஒடுங்கிய நிலப்பட்டியிலேயே பயிர்ச்செய்கை நடைபெறுகின்றது. அங்கும் மழை வருடத்தில் மூன்று நான்கு மாதங்கள் மாத்திரமே பெய்யும். கம்பும் சோளமும் அம்மக்களின் உணவு. ஆடும் மாடும் ஒட்டகமும் அவர்களது சேமிப்பு.

அந்நாட்டின் வடபகுதியில் தெனெரே என்ற பாலைவனம் உண்டு. அதன் நடுவே நெடுங்காலம் ஒரேயொரு கருவேல மரம் நின்றது. சுற்றிலும் இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவுக்கு வேறு மரமே கிடையாது. அதன் அருகே 1930களின் இறுதியில் கிணறு தோண்டியவர்கள், அம்மரத்தின் வேர் முப்பது மீற்றருக்கும் கீழே இறங்கி நீரைத் தொட்டிருக்கக் கண்டனர். உப்பு ஏற்றிச் சென்ற ஒட்டக வணிகக் கூட்டத்தார் எவரும் அதில் ஒரு கிளையையேனும் விறகுக்காக ஒடிக்கவில்லை. 1973ஆம் ஆண்டு ஒரு லொறி மோதி அம்மரம் சாய்ந்தது. பரந்த பாலைவெளியில் ஓட்டுவதற்கு எத்தனையோ இடமிருக்க, இருந்த ஒரேயொரு மரத்தின் மீது போய் மோதியதை என்னவென்று சொல்வது! இன்று அம்மரத்தின் எஞ்சிய பகுதி தலைநகர் நியாமியிலுள்ள தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. அது நின்ற இடத்தில் உலோகத்தாலான ஒரு தூண் நிற்கின்றது.

இது எல்லோரும் சொல்லும் கதை. நான் சொல்ல வந்தது வேறு.

அந்நாட்டின் வயல்களில் ஒரு காலத்தில் மரங்கள் நிறைந்திருந்தன. ஹவுசா மொழியில் 'காவோ' எனப்படும் ஒரு மரம் அங்கே உண்டு. அல்லாஹு தஆலாவின் படைப்பில் அது ஓர் அதிசயம். ஏனைய மரங்கள் மழைக்காலத்தில் தழைத்துக் கோடையில் இலை உதிர்க்கும். காவோவோ மழைக்காலத்தில் இலை உதிர்த்து, கோடையில் தழைக்கும். ஆகவே பயிர் வளரும் காலத்தில் அது வெயிலை மறைப்பதில்லை. உதிரும் இலை வயலுக்கு உரமாகின்றது. அதன் வேர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கின்றன. புல் கருகிய கோடையில் அதன் காய்களை ஆடுமாடுகள் உண்டு பிழைக்கின்றன. இத்தகைய மரத்தை ஒரு விவசாயி ஏன் வெட்டினான் என்ற கேள்வி எழுகின்றதல்லவா?

வறட்சியும் சனத்தொகைப் பெருக்கமும் காரணங்களே. 1960இல் சுதந்திரம் பெற்றபோது முப்பத்தைந்து இலட்சமளவில் இருந்த மக்கள் தொகை இன்று 26 மில்லியனைத் தாண்டிவிட்டது. ஆனால் இவற்றுடன் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியாளர் 1935இல் தமது மேற்கு ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் ஒரு வனச் சட்டத்தை விதித்தனர். அதன்படி பெறுமதி வாய்ந்த மரங்கள் அரசின் பாதுகாப்புக்குள் வந்தன. தனது வயலில் தானே முளைத்து நிற்கும் மரத்தின் கிளையை வெட்டுவதற்கும் விவசாயி அனுமதி பெற வேண்டியிருந்தது. வன உத்தியோகத்தர் தண்டப்பணம் அறவிட்டனர். சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை தொடர்ந்தது. சட்டத்தின் நோக்கம் மரத்தைக் காப்பது. விளைந்ததோ அதற்கு நேர்மாறு. பராமரித்தவனுக்கு உரிமை இல்லாத மரத்தை எவன் பராமரிப்பான்? முளை விடும்போதே அதனைக் கிள்ளி எறிவதே அவனுக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது.

நேயர்களே, இவ்விடத்தில் சற்று நின்று நமது மார்க்கச் சட்டம் இதனை எவ்வாறு நோக்கியது என்று பார்ப்போம். எவருக்கும் உரிமையில்லாத பாழ்நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அந்நிலம் உரியதாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கின்றார்கள். அதே வேளை, பொதுநலனுக்காக ஒதுக்கப்படும் மேய்ச்சல் நிலமும் இஸ்லாத்தில் உண்டு. அதற்கு 'ஹிமா' என்று பெயர். மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடத்தை நபியவர்கள் அவ்வாறு ஒதுக்கினார்கள். கலீபா உமர் (ரழி) அவர்கள் தமது ஆட்சியில் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாக நியமித்தபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மாத்திரமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களாகிய இப்னு அவ்ப் (ரழி), இப்னு அப்பான் (ரழி) ஆகியோரின் மந்தைகளை விடாதிருக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவர் தமது தோட்டத்துக்கும் வயலுக்கும் திரும்பிச் செல்வார்; ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீபாவின் வாசலுக்கே வந்து நிற்பான் என்பது அவர்கள் காட்டிய நியாயம். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வனத்தைக் காக்கும் சட்டம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இதனால் யாருடைய பிள்ளை பட்டினி கிடக்கும்?' என்பதே என்று உமர் (ரழி) அவர்கள் விளங்கியிருந்தார்கள். 1935இன் சட்டத்தை எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

1968 முதல் 1973 வரை நீடித்த கொடிய வறட்சியில் ஸாஹில் பிரதேசமெங்கும் மந்தைகள் மாண்டன. மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அதன்பின் அரசும் வெளிநாட்டு நிறுவனங்களும் மரநடுகையில் இறங்கின. சுதந்திர தினமாகிய ஆகஸ்ட் 3ஆம் திகதியே மர விழாவாக 1975 முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. மஜ்ஜியா பள்ளத்தாக்கில் காற்றுத்தடை வேலிகளாக நடப்பட்ட வேப்ப மரங்கள் நன்கு பயன் தந்தன. அது நம் ஊர் வேம்புதான். ஆனால் பல இடங்களில் நாற்றுமேடையிலிருந்து கொண்டு வந்து நட்டவற்றில் பெரும்பாலானவை வெயிலாலும் ஆடுகளாலும் மணற்காற்றாலும் பட்டுப்போயின.

தெற்கே மராதி என்ற மாவட்டத்தில் டொனி ரினோடோ என்ற அவுஸ்திரேலியர் இவ்வாறு நாற்று நட்டுச் சலித்திருந்தார். 1983இல் ஒரு நாள், வழியில் வெறும் புதர் என்று எண்ணியிருந்த ஒன்றை உற்றுப் பார்த்தார். அது புதரல்ல, வெட்டப்பட்ட மரத்தின் அடியிலிருந்து கிளம்பிய துளிர். அத்தகைய துளிர்கள் வயலெங்கும் இலட்சக்கணக்கில் இருந்தன. மரங்கள் வெட்டப்பட்டிருந்தனவே தவிர, வேர்கள் இறக்கவில்லை. வருடந்தோறும் துளிர்த்தன, வருடந்தோறும் விதைப்புக்கு முன்னர் விவசாயிகள் அவற்றை வெட்டிக் கொளுத்தினர். ரினோடோ கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் ஊழியராகச் சென்றவர். நன்மையை எவர் செய்தாலும் அதனை நன்மையென்று ஏற்றுக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. அவரது யோசனையை முயன்று பார்த்தவர்கள் ஐந்து வேளை தொழும் ஹவுசா விவசாயிகள்தாம்.

முறை மிக எளிது. ஒரு கட்டையிலிருந்து கிளம்பும் பல துளிர்களில் நேராகவும் பலமாகவும் உள்ள மூன்று நான்கை விட்டுவிட்டு ஏனையவற்றை வெட்ட வேண்டும். விட்டவற்றின் கீழ்க்கிளைகளையும் கழிக்க வேண்டும். நாற்று வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆழமான வேர் ஏற்கெனவே இருப்பதால் துளிர் விரைந்து வளர்கின்றது. ஒரு கத்தியும் பொறுமையும் போதும். பொறுமைதான் கடினமாக இருந்தது. முதலில் முன்வந்தவர்கள் ஒரு சிலரே. அயலவர் அவர்களைப் பரிகசித்தனர். வயலில் மரம் வைத்திருப்பவன் சோம்பேறி என்பது அங்கு ஊறிப்போன எண்ணம். விட்டுவைத்த மரங்களை இரவோடிரவாக வெட்டிச் சென்றவர்களும் இருந்தார்கள். பின்னர் 1984இன் பஞ்சம் வந்தது. உணவு நிவாரணம் பெறுவோர் தமது வயலில் துளிர்களைப் பேண வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. பஞ்சம் நீங்கியதும் பலர் மீண்டும் வெட்டினர். ஆனால் எல்லோரும் வெட்டவில்லை. மரம் நின்ற வயலில் மணற்காற்று இளம்பயிரைப் புதைக்கவில்லை என்பதைக் கண்டவர்கள் தொடர்ந்தனர். அவர்களைப் பார்த்து அடுத்த கிராமத்தார் தொடங்கினர். மரம் திருடுவோருக்குக் கிராமங்களே தண்டனை விதித்தன. வன உத்தியோகத்தரும் கண்டும் காணாதவாறு இருக்கப் பழகினர்.

இருபது ஆண்டுகளின் பின்னர் நெதர்லாந்து ஆய்வாளர் கிறிஸ் ரைஜும் அமெரிக்கரான கிரே டப்பனும் பழைய வான்படங்களையும் புதிய செய்மதிப் படங்களையும் ஒப்பிட்டனர். தெற்கு நைஜரில் சுமார் 50 இலட்சம் ஹெக்டயர் பயிர்நிலத்தில் மரங்கள் மீண்டிருந்தன. அவற்றின் தொகை 20 கோடியளவில் இருக்கும் என்று மதிப்பிட்டனர். வருடந்தோறும் மேலதிகமாக விளையும் தானியம் 5 இலட்சம் தொன் எனவும், அது 25 இலட்சம் மக்களுக்குப் போதுமானது எனவும் கணக்கிட்டனர். இவை மதிப்பீடுகளே. எனினும் அந்த ஊர்த் தாய்மாருக்குப் புள்ளிவிபரம் தேவைப்படவில்லை. விறகுக்காக அரைநாள் நடந்த பெண்கள் இப்போது தமது வயலோரத்திலேயே கிளை கழிக்கின்றனர். சிண்டர் மாவட்டத்தில் பெருக்கமரத்தின் இலையைச் சந்தையில் விற்று வருமானம் பெறும் பெண்கள் உள்ளனர். ஆம், மன்னாரில் அரபு வணிகர் கொண்டு வந்ததாகக் கூறப்படும் அதே பெருக்கமரந்தான். நாம் அதனை வேடிக்கை பார்க்கின்றோம். அவர்கள் அதன் இலையில் குழம்பு வைக்கின்றனர்.

சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. விவசாயி தன் நிலத்தில் பேணிய மரத்தின் பயனுக்கு அவனே உரியவன் என்பதைத் தெளிவாக வகுக்கும் ஆணை 2020இலேயே வந்தது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். தாம் நடாமல், அல்லாஹ் முளைக்கச் செய்ததை வெட்டாமல் விட்டவர்களுக்கும் அதன் கூலியில் பங்குண்டு என்று நாம் ஆதரவு வைக்கலாம்.

இனி, மகிழ்ச்சி தராத பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கின்படி, நைஜரின் காட்டுப் பரப்பு 1990இல் ஏறத்தாழ 19 இலட்சம் ஹெக்டயர். 2020இல் 11 இலட்சத்துக்கும் குறைவு. நாட்டின் மொத்தப் பரப்பில் அது ஒரு வீதம் கூட இல்லை. 20 கோடி மரங்கள் மீண்டன என்பதும் காடு குறைந்தது என்பதும் முரணல்லவா என்று இளைஞர்கள் கேட்கலாம். முரணில்லை. வயலில் ஐதாக நிற்கும் மரங்கள் காடு என்ற கணக்கில் சேர்வதில்லை. வயல் மரம் மனிதனுக்குச் சோறிடும்; ஆயினும் துளிர்க்க வல்ல சில இனங்களே அங்கு பெருகுகின்றன. காட்டில் மாத்திரம் வாழும் உயிர்களுக்கு அது வீடாகாது. நியாமியைச் சுற்றி வரிப்புலியின் கோடுகள் போன்று பட்டை பட்டையாக வளரும் ஒரு வகைப் புதர்க்காடு உண்டு. வெற்றுநிலப் பட்டையில் விழும் மழை ஓடி அடுத்துள்ள மரப்பட்டையை நனைக்கும். தலைநகரின் அடுப்புகளுக்காக அது வெட்டப்பட்டு வருகின்றது. 1992 முதல் விறகு விற்பனையைக் கிராம மக்களின் பொறுப்பில் விடும் ஏற்பாடு ஓரளவு பயனளித்தது. ஆனால் நகரம் அதைவிட வேகமாக வளர்கின்றது.

அப்புதர்க்காட்டை அண்டி, நியாமியிலிருந்து சுமார் 60 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கூரே என்ற பகுதியில், மேற்கு ஆபிரிக்க ஒட்டகச்சிவிங்கிகளின் கடைசி மந்தை வாழ்கின்றது. ஒரு காலத்தில் மேற்கு ஆபிரிக்காவின் பல நாடுகளில் திரிந்த இனம் அது. 1996இல் உலகிலேயே 49 மாத்திரம் எஞ்சியிருந்தன. வேலியோ மதிலோ இல்லாமல், கம்பு வயல்களுக்கும் கிராமங்களுக்கும் நடுவே அவை நடமாடுகின்றன. அவை பயற்றங்கொடியை மேய்ந்து நட்டம் விளைவிப்பதும் உண்டு. இருந்தும் ஏழை விவசாயிகள் அவற்றைக் கொல்லாது விட்டதாலும், அரசு வேட்டையைத் தடுத்ததாலும், இன்று அவை அறுநூறைத் தாண்டியுள்ளன. 2020 ஆகஸ்ட் 9ஆம் திகதி ஆயுததாரிகள் அங்கே வந்து, ஆறு பிரெஞ்சு நிவாரணப் பணியாளரையும் இரண்டு நைஜர் முஸ்லிம்களையும் சுட்டுக் கொன்றனர். கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் ஒட்டகச்சிவிங்கிகளைக் காட்டும் வழிகாட்டிகளின் தலைவர். போருக்குச் செல்லும் படைக்கும் கனிதரும் மரத்தை வெட்டலாகாது என்று கட்டளையிட்ட அபூபக்ர் (ரழி) அவர்களின் மார்க்கத்தின் பெயரால் இதனைச் செய்ததாக அவர்கள் உரிமை கோரினர். பிள்ளைகள் இதுபற்றிக் கேட்டால், பெற்றோர்களே, பேச்சை மாற்றாது விடை கூறுங்கள்.

வடகிழக்கே தெர்மித் பகுதியில், 2012இல் பெரும் சரணாலயமொன்று பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு வாழும் அடாக்ஸ் என்ற வெண்ணிற மான், நீரின்றியே நெடுநாள் வாழக்கூடியது. எண்ணெய் அகழ்வும் துப்பாக்கி ஏந்தியோரின் வேட்டையும் அதனைச் சூழ்ந்தன. 2016இல் விமானத்திலிருந்து தேடியவர்கள் மூன்றை மாத்திரமே கண்டனர்.

ஒட்டகச்சிவிங்கிகளுக்கோ இரண்டாவது வீடு ஒன்று கிடைத்தது. 2018இல் அவற்றில் எட்டு, லொறிகளில் நிறுத்தப்பட்டு, 800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடபேஜி ஒதுக்கிடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றின் இனம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அங்கு காணப்படவில்லை. கதவுகள் திறக்கப்பட்டதும், அவை ஒவ்வொன்றாக இறங்கி மரங்களை நோக்கி நடந்தன.