மாயமும் மாநகரும் மங்கையும்



இன்றைய இளைஞர் பலர் விரும்பிப் படிக்கும் ஒருவகை நாவலைப் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு பேச விழைகின்றேன். அவ்வகையைத் தமிழில் ‘நகர மாயக் கதை’ என்று நாம் குறிப்பிடலாம். பழைய மாயக் கதைகளில் அற்புதங்கள் யாவும் ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் நிகழும். நகர மாயக் கதையிலோ அவை நாம் அறிந்த தெருக்களிலேயே நிகழ்கின்றன. பேருந்து செல்லும் சாலையிலும், மின்விளக்கு எரியும் சந்தியிலும் பூதமும் தேவதையும் எதிர்ப்படுகின்றன. அவற்றை எதிர்கொள்பவள் பெரும்பாலும் ஓர் இளம்பெண். அவளைக் காப்பதற்கு அரசகுமாரன் எவனும் வருவதில்லை. அவளே தன்னைக் காத்துக்கொள்கிறாள், ஊரையும் காக்கிறாள்.

அமெரிக்க எழுத்தாளர் எம்மா புல் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ என்னும் நாவல் இத்துறையில் புகழ் பெற்றது. மினியாபொலிஸ் நகரில் இசைக்குழு நடத்தும் ஒரு பெண், மாய உலகத்தார் இரு பிரிவாய் நின்று நடத்தும் போரில் சிக்குகிறாள்; தன் இசையையே துணையாகக் கொண்டு நிற்கிறாள். நம் நாட்டிலும் சுவேதா தனேஜா 2014-இல் ‘கல்ட் ஆஃப் கேயாஸ்’ என்னும் ஆங்கில நாவலை எழுதினார். டெல்லி மாநகரில் தாந்திரிகம் அறிந்த ஒரு பெண் துப்பறியும் கதை அது.

“இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, மாணவர் காலத்தைக் கவர்ந்து வீணாக்குபவை” என்று பெரியோர் சிலர் கூறுவர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

யான் வாழும் தரமணியை இன்று பலரும் கணிப்பொறி நிறுவனங்களின் இருப்பிடமாகவே அறிவர். ஆயினும், 1970-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த நூல்களைக் கருவாகக் கொண்டு எழுந்த ஆராய்ச்சி நூலகமும் அங்கேதான் இருக்கிறது. சற்றுத் தொலைவில், பெசன்ட் நகரில், டாக்டர் உ. வே. சாமிநாதையர் பெயர் தாங்கிய நூல்நிலையம் உள்ளது. 1898-ஆம் ஆண்டில் அப்பெருமகனார் ஏட்டிலிருந்து ஆராய்ந்து அச்சிட்டளித்த ஒரு காப்பியத்தை எடுத்துப் பாருங்கள். நாம் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணியது நம் வீட்டுப் பெட்டகத்திலேயே இருப்பது தெரியவரும். மணிமேகலையைத்தான் கூறுகின்றேன்.

மணிமேகலையின் கதை நிகழுமிடம் காடன்று, பெருநகரம். புகார், வஞ்சி, காஞ்சி என்று நகரங்களூடே அது நடக்கிறது. அந்நாளைய புகார் நகரத்தின் நாற்சந்தியில், தீயோரைப் பிடித்துத் தண்டிக்கும் சதுக்கப் பூதம் காவல் இருந்ததாகக் காப்பியங்கள் கூறுகின்றன. கடல் தெய்வம் விழாக் காண வந்த மக்களுள் ஒருத்தியாய் ஊருக்குள் வருகிறது. தூணிலுள்ள பாவை வருவது உரைக்கிறது. அன்றாட நகரத்தின் நடுவிலேயே அற்புதம் உலவுகின்ற கதை இது.

இதன் தலைவி கணிகையர் குலத்தில் பிறந்தவள். பாட்டி சித்திராபதி அவளைக் குலத்தொழிலில் ஈடுபடுத்தத் துடிக்கிறாள். அரசகுமாரன் உதயகுமரன் தேரேறி வந்து அவளைத் தேடுகிறான். ஒரு பக்கம் வழக்கம், மறுபக்கம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டிய நிலை அவளுக்கு. அப்பொழுது தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது: வேற்றுருக் கொள்வதற்கு ஒன்று, வான்வழிச் செல்வதற்கு ஒன்று, பசியைத் தாங்குவதற்கு ஒன்று.

மாணவர்களே, இம்மூன்றையும் சிறிது எண்ணிப் பாருங்கள். நினைத்த இடத்திற்குத் தடையின்றிச் செல்லுதல். தொடர்ந்து வரும் ஆடவன் கண்ணிலிருந்து தப்புதல். பிறர் கையை எதிர்பாராது வாழ்தல். அந்நகரம் ஓர் இளம்பெண்ணுக்கு எவற்றை மறுத்ததோ, அவற்றையே மந்திரங்கள் வழங்கின. மாயக் கதையின் கவர்ச்சிக்குக் காரணம் இங்கே விளங்குகிறது. மாயம் என்பது அடைத்த கதவுக்கு ஆசை செய்த திறவுகோல். அத்திறவுகோல் எந்தக் கதவுக்குப் பொருந்துகிறது என்று பார்த்தால், அந்நாளில் அடைபட்டிருந்த கதவு எது என்பதும் தெரியும்.

மந்திரம் அளித்த தெய்வம் கூறும் ஓர் அறிவுரையில் இது இன்னும் தெளிவாகிறது. நீ இளையவள், பெண். ஆகையால் சமயவாதிகள் தம் கொள்கைகளை உனக்கு உள்ளவாறு எடுத்துரைக்க மாட்டார்கள் என்கிறது அத்தெய்வம். அதனால் மணிமேகலை வஞ்சி மாநகரில் தவமுனிவன் ஒருவனின் வடிவம் கொண்டு சென்று, அவர்களிடம் பாடம் கேட்கிறாள். கல்வி கேட்பதற்கு ஒரு பெண் ஆணுருக் கொள்ள வேண்டியிருந்தது! இதனைப் பொழுதுபோக்குக் கதை என்று எவர் ஒதுக்கக்கூடும்?

இனி, இத்தகைய கதைக்கும் சென்னைக்கும் உள்ள மற்றொரு தொடர்பைக் கூறுகின்றேன். கமலா சத்தியநாதன் என்னும் அம்மையார் 1901-ஆம் ஆண்டில் சென்னையில் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். 1905-இல் அவ்விதழில் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதை வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா சகாவத் ஹுசைன். கதைத் தலைவி கனவில் ஒரு நகரத் தெருவில் முக்காடின்றி நடக்கிறாள். அங்கே ஆடவர் வீட்டுக்குள் இருக்கின்றனர். பெண்கள் ஆட்சி நடத்துகின்றனர். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஞாயிற்றின் வெப்பத்தைச் சேமிக்கவும், மேகத்திலிருந்து நீரை இறக்கவும் வழி கண்டிருக்கின்றனர். இக்கனவில் மந்திரத்தின் இடத்தை அறிவியல் பெறுகிறது. எழுதியவர் கனவோடு நின்றுவிடவில்லை. 1911-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பெண்களுக்காகப் பள்ளி ஒன்றை நிறுவி நடத்தினார். கனவில் திறந்த கதவை நனவிலும் திறந்தார்.

நம் சென்னையிலும் அத்தகைய கதவைத் திறந்தவர் ஒருவர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் தேர்ச்சி பெற்றார். தேவதாசி வழக்கத்தை ஒழிக்க அயராது போராடினார். 1947-இல் அதற்குச் சட்டம் வந்தது. அவர் முயற்சியால் அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவ நிலையம் தொடங்கியது. மணிமேகலையின் வாழ்வை இதன் அருகே வைத்துப் பாருங்கள். காப்பியத்தில் மந்திரம் செய்ததைக் கல்வியும் சட்டமும் மருத்துவமும் செய்திருக்கின்றன.

இனி, ஓர் ஐயத்தை எதிர்கொள்வோம். ‘வீரத் தலைவி என்ற பெயரில் அடிதடியும் கொலையும் நிறைந்த நூல்கள் பல வருகின்றனவே, அவற்றையும் போற்றுவதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வாள் ஏந்திய கை ஆணினுடையதாயினும் பெண்ணினுடையதாயினும் வாள் வாளே. ஆற்றல் எவரிடம் உள்ளது என்று கேட்பதோடு, அஃது எதற்குப் பயன்பட்டது என்றும் கேட்டல் வேண்டும்.

மணிமேகலை தன் ஆற்றலை எதற்குப் பயன்படுத்தினாள்? மணிபல்லவத் தீவில் அமுதசுரபி அவள் கையை வந்தடைந்தது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. எனினும் வெறும் பாத்திரமாகவே அஃது அவள் கைக்கு வந்தது. புகார் நகரத்து ஆதிரை என்னும் நல்லாள் முதற் பிச்சை இட்ட பின்னரே அதில் உணவு பெருகியது. தெய்வம் தந்த பாத்திரமும் ஓர் அண்டை வீட்டாரின் கைப்பிடி உணவுக்காகக் காத்திருந்தது! மணிமேகலை அதனை ஏந்திச் சிறைக்கோட்டத்துக்குச் சென்று பசித்தோர்க்கு உணவளித்தாள். மன்னன் வியந்து, வேண்டுவது யாது என்று வினவியபோது, அச்சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்டாள், மன்னனும் இசைந்தான். கண்ணகியின் சினத்தில் மதுரை எரிந்தது; மணிமேகலையின் அருளில் புகார் நகரச் சிறையே அறச்சாலையாயிற்று. இரண்டும் ஆற்றலே. முன்னது அநீதியைத் தண்டித்தது. பின்னது பசியைத் தீர்த்தது. இக்காப்பியத்தை இயற்றிய சாத்தனார் கூலவாணிகர் என்பது மரபு. தானியத்தின் அருமை அறிந்தவர் பசியைப் பாடியது பொருத்தமே.

நிறைவாக ஒன்று. தரமணி ரெயில் நிலையத்தில் இரவு வேளையில் வேலை முடிந்து இறங்கும் இளம்பெண்களைப் பார்க்கின்றேன். விரைந்து நடக்கின்றனர், கைப்பையை இறுகப் பற்றியிருக்கின்றனர். அதே தெருவில், அதே இரவில், தலைநிமிர்ந்து உரிமையோடு உலவும் ஒருத்தியை ஒரு நாவல் காட்டுமாயின், அவர்கள் அதனை விரும்பிப் படிப்பதில் வியப்பென்ன?

ஆகவே, மாணவியரே, இக்கதைகளை விரும்பிப் படியுங்கள்; நாணற்க. மாணவர்களே, நீங்களும் படியுங்கள். உங்கள் உடன்பிறந்தாள் நடக்கும் தெரு அவளுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை அவை உங்களுக்குக் கற்பிக்கும். படித்து முடித்ததும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இக்கதையில் மாயம் திறந்த கதவு எது? அக்கதவு நம் ஊரில் இன்னும் அடைத்திருக்கிறதா? விடை ‘ஆம்’ என்று வருமாயின், நூலை மூடிய பின் உங்களுக்கு வேலை இருக்கிறது. அதற்கு மந்திரம் வேண்டா. ஆதிரையின் கையளவு உணவு போல, ஒவ்வொருவரும் இடும் சிறு பங்கு போதும்.