பிள்ளையின் அறைச் சாளரம்



தோட்ட லயங்களில் பலகைச் சாளரங்களே மிகுதி. அலோர் காஜா, ஜாசின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின் இரும்புக் கம்பிகளும் பூட்டுகளும் சேர்ந்துகொண்டன. திருடனுக்கு அஞ்சிப் பிள்ளையின் படுக்கையறையையும் பூட்டச் சொல்கிறார் தந்தை. தீப்பிடித்தால் பிள்ளை எவ்வழி வெளியேறும் என்கிறார் தாய். இருவர் அச்சமும் மெய்யே. ஆயினும் என் மனம் தாயின் பக்கமே சாய்கிறது. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூரில், டத்தோ கெராமாட் பகுதிச் சமயப் பள்ளி விடுதி தீப்பற்றி 23 பேர் மாண்டனர். அவர்களுள் 21 பேர் மாணவர்கள். சாளரக் கம்பிகள் அவர்கள் வழியை மறித்திருந்தன.

கம்பி இருக்கட்டும், அதில் ஒரு பகுதி உள்ளிருந்து திறக்கும் கதவாக அமையட்டும். சாவி தந்தையின் சட்டைப்பையில் அன்று, சாளரத்தின் அருகிலேயே, வெளியார் கைக்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும். மாடியறையில் தவழும் குழந்தையாயின் ஆணி சற்று உயரட்டும். இன்றிரவே அப்பூட்டைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் அது துருவேறிக் கிடக்கிறது.