என்ன புதினம்?

யாழ்ப்பாணத்தில் அறிமுகமான இருவர் வழியில் எதிர்ப்பட்டால் முதலிற் கேட்கப்படும் கேள்வி, "என்ன புதினம்?" என்பதே. தமிழ்நாட்டார் ஒருவர் இதனைச் செவிமடுப்பாராயின், நாவல் ஒன்றைப்பற்றி உரையாடுகின்றனர் போலும் என்று மயங்கவுங்கூடும். ஈழத்து வழக்கிற் புதினம் என்பது செய்தி. அதிலும் பெரும்பாலும் வீட்டுச் செய்தி. இக்கேள்விக்கு, "ஒரு புதினமும் இல்லை" என்று விடை வரும். அவ்விடையை அப்படியே நம்பிக்கொண்டு போய்விடுபவர் உறவின் இலக்கணத்தை அறியாதவர். பேச்சு அங்கேதான் தொடங்குகின்றது.

தொழில் மனிதரை வீட்டினின்றும் பிரிக்கும் காலங்கள் உண்டு. இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியில் வயல் வைத்திருந்த குடாநாட்டுக் கமக்காரர் பலர், காலபோக அறுவடை தொடங்கியதும் ஆனையிறவைக் கடந்து போய், வயற்கரையில் வாடி அமைத்துத் தங்குவர். யாழ்ப்பாண நகருக்கும் கிளிநொச்சிக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 40 மைல்தான். ஆயினும் அருவி வெட்டி, சூடு வைத்து, மாடுகளை விட்டு மிதித்து, பொலி தூற்றி, நெல்லை மூடைகளாகக் கட்டி முடிக்கும்வரையில் அந்த 40 மைல் பெருங்கடலாகவே கிடந்தது. மழை குறுக்கிட்டால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீணாகும் என்ற அச்சத்தில் எவரும் களத்தை விட்டு அசையார். தை மாதக் கடைசியிற் போனவர் பங்குனியில் வீடு திரும்புவார்.

இந்த இரண்டு மாத காலத்தில் வாடிக்கு வரும் புதினம் மிகச் சிறிது. ஊரிலிருந்து லொறியில் வந்தவர் சொல்லும் இரண்டொரு வார்த்தை. பிற்காலத்தில், கூரைக் கம்பிற் தொங்கிய வானொலிப் பெட்டியில் ஒலித்த மரண அறிவித்தல். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று உறவுமுறைகள் அடுக்கி வாசிக்கப்படும்போது, சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே செவி சாய்த்திருந்தோர் எத்தனையோ பேர். குடும்பத்தின் கிளைகளை அந்த அறிவித்தல்களைக் கொண்டே கற்றுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. ஆனால் வானொலி மரணத்தைத்தான் சொல்லும்; அதற்கு முன் நோயாளி கிடந்த கிடையைச் சொல்லாது.

வீடு திரும்பிய கமக்காரருக்கு எல்லாம் ஒரே மூச்சிற் சொல்லப்படுவதில்லை. படலையைத் திறந்ததும் கேட்பது, "எல்லாரும் சுகந்தான்" என்பது. கிணற்றடியிற் குளித்து, உண்டு, களை ஆறும்வரையிற் துயரச் செய்தியை இல்லாள் வெளியிடமாட்டாள். முதலில் வருவன சிறியவை: நாகு கன்று ஈன்றது, கடைக்குட்டிக்கு முன்பற்கள் விழுந்தன, கிணற்றில் நீர் இறங்கிவிட்டது, பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலிற் பொங்கவேண்டிய நேர்த்தி ஒன்று இருக்கிறது. பிறகு குரல் சற்றுத் தாழும். தெற்கு வேலியை அயலவர் புதிதாக அடைத்தபோது கதியால் இரண்டு ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது. (ஒரு முழ நிலத்துக்காக ஒரு தலைமுறை வழக்காடிய ஊர்களில் இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிட முடியாது.) பின்னர் இன்னுந் தாழ்ந்த குரலில், ஒன்றுவிட்ட சகோதரியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்ததும், பெரியம்மாவின் மருமகன் இறந்து அந்தியேட்டியும் முடிந்ததும் வெளிவரும்.

வருத்தம் தொடங்குமிடம் இதுவே. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் "நன்மை தீமை" என்றொரு தொடர் உண்டு. நன்மை என்பது கலியாணம், சாமத்தியம், குடிபூரல் முதலியன. தீமை என்பது சாவீடு. "அவர்களோடு எங்களுக்கு நன்மை தீமை இல்லை" என்று சொல்லப்பட்டால், உறவு அறுந்தது என்று பொருள். பெரும் பகையினால் மட்டும் அது அறுவதில்லை. வரவேண்டியவர் வராமையும், வராதவர் பின்னர் வந்து விசாரியாமையுமே பல வீடுகளில் அறுத்திருக்கின்றன. அறுவடையில் நின்றவர் மரணத்துக்கு வரவில்லை என்பதை எவரும் பொறுத்துக்கொள்வர். வந்த மறுநாளும் படலைக்கு வரவில்லை என்பதையே பொறுக்கமாட்டார்கள். ஆகவே புதினம் கேட்பது பொழுதுபோக்கன்று. எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் பட்டிருக்கிறது என்று கணக்கெடுப்பது. திரும்பி வந்தவர் மறுநாட் காலையில் முதலிற் சாவீட்டுக்குப் போவார். சடங்கு நடந்த வீடு அதற்குப் பிறகுதான்.

இக்கணக்கிற் காணியும் அடங்கும். ஒல்லாந்தர் காலத்தில் 1707 ஆம் ஆண்டிற் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், பங்குக் காணியை ஒருவர் விற்கும்போது அதனை முந்தி வாங்கும் உரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் அளித்தது. 1947 ஆம் ஆண்டில் அவ்வுரிமைக்கெனத் தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. உறவினர் ஒருவர் சீதனத்துக்காகக் காணி விற்க எண்ணியிருக்கிறார் என்ற வார்த்தை, திண்ணைப் பேச்சாகக் காதில் விழுந்தாலும் அதற்குச் சட்டத்தின் கனமும் உண்டு.

கமக்காரரின் நிலை இதுவாயின், கொழும்பிற் கந்தோர்களிற் பணியாற்றிய எழுதுவினைஞரின் நிலை வேறு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சமறிகளிற் கூட்டாக வாழ்ந்த அவர்களுக்குக் கடிதம் வந்தது. 1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் ஊருக்குப் போய்வருவதும் எளிதாயிற்று. ஆயினும் கந்தோரில் வேலை நெருக்கும் மாதங்களில் விடுமுறை கிடைப்பதரிது. தலையிற் பிள்ளையார் சுழி, அதன்கீழ், "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் உமது நலமறிய ஆவல்." இந்த வாசகம் அன்பினாற் சொல்லப்பட்ட பொய்யாகப் பலமுறை அமைந்தது. மகன் பரீட்சைக்குப் படிக்கிறான், மனம் குழம்பக்கூடாது என்று தாயின் காய்ச்சல் மறைக்கப்பட்டது. பணம் கேட்க மனமின்றிக் கூரை ஒழுகுவது மறைக்கப்பட்டது. கூர்மையான பிள்ளைகள் எழுத்தைப் படிக்கவில்லை, கையைப் படித்தனர். வழக்கமாகத் தகப்பனார் எழுதும் கடிதத்தைத் தங்கை எழுதியிருந்தால், அன்றிரவே தபால் வண்டிக்குச் சீட்டெடுத்தனர்.

யுத்தகாலத்தில் இம்மறைப்புக்குக்கூட வழியின்றிப் போயிற்று. 1990 ஆம் ஆண்டில் வடக்குக்கான புகையிரதம் நின்றது. மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அது அடைந்தது 2014 ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்திற் பெற்றோரின் மரணத்தை நாட்கள் பல சென்றபின் அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தியேட்டி முடிந்தபின் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீட்டுக்குப் போய் எவரிடம் துக்கம் விசாரிப்பது என்று தெரியாது அந்நிய நாட்டில் இருந்தவர்கள் அவர்கள்.

இன்று சூடு மிதிக்க மாடுகள் இல்லை. அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் வாரக் கணக்கான வேலை நாட் கணக்கில் முடிகின்றது. கைத்தொலைபேசி இல்லாத வீடுமில்லை. ஆயினும் வேலை நெருக்கடி என்பது குறைந்தபாடில்லை. ரொறன்ரோவில் இரண்டு வேலை பார்க்கும் மகன், இரண்டு மாதமாக ஓரிரு நிமிடங்களுக்கு மேற் தாயோடு பேசியிருக்கமாட்டான். அவனுக்குத் திரையில் முகம் தெரிகின்றது, குரலுங் கேட்கின்றது. "எப்படி அம்மா, சுகமே?" என்கிறான். "ஒரு குறையுமில்லை மோனே, நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று விடை வருகின்றது. பழைய கடிதத்தின் முதல் வரி தொலைபேசிக்குள்ளும் புகுந்துகொண்டது.

இவ்விடையை உடைக்கும் வழி, கேள்வியைச் சிறிதாக்குவதே. சுகமா என்று கேட்பவனுக்குச் சுகம் என்பதே கிடைக்கும். செவ்விளநீர் மரத்திற் தேங்காய் பறிக்க இப்போது யார் வருகிறார், குஞ்சியம்மா வீட்டுக்குப் போய் எவ்வளவு நாளாயிற்று என்று கேட்பவனுக்கு வேறு விடை கிடைக்கும். குஞ்சியம்மா வீட்டுக்குப் போகவில்லை என்பாள் தாய். ஏன் என்றால், ஒழுங்கையில் மேடு பள்ளம் சரியாகத் தெரிவதில்லை என்பாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டால், இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருப்பதும், சத்திரசிகிச்சைக்கு வைத்தியசாலையில் நாள் குறித்துத் தந்திருப்பதும், கூடப் போக ஆளில்லாமல் அந்த நாள் கடந்துவிட்டதும் வெளிவரும்.